மேலதிகாரி நல்லவர்தான், படிக்கட்டு எங்கே?

பணிவாழ்வுத் திருப்தி பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை இந்த மழைக்காலம் முழுக்க வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தேன். மேலதிகாரி ஒருவருக்கு எவ்வளவு ஆதரவாக இருக்கிறார், நிறுவனம் அவரை வளர்த்துவிட என்ன செய்கிறது, இந்த ரெண்டும் அவருடைய திருப்தியை எப்படி மாற்றுகின்றன என்பதுதான் எல்லாவற்றிலும் கேள்வி. வங்கி, மருத்துவமனை, ஐ.டி. கம்பெனி, கல்லூரி என்று களம் மாறும், கட்டுரை மாறாது. ஒரு படிவத்தைக் கொடுத்து ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போடச் சொல்வார்கள். கணக்குப் போட்டு, ஆதரவு கூடினால் திருப்தியும் கூடுகிறது என்று காட்டுவார்கள். கடைசிப் பக்கத்தில் நிர்வாகத்துக்கு ஒரு சிபாரிசு இருக்கும்: மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுங்கள்.

முடிவு தப்பு என்று சொல்ல வரவில்லை. நல்ல மேலாளர் கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் உள்ள வித்தியாசம் வேலைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். எனக்கு உறுத்துவது அந்தக் கடைசிப் பக்கம். பெரும்பாலும் அங்கேதான் ஒரு விஷயம் சத்தமில்லாமல் கைமாறுகிறது. நிறுவனம் செய்யவேண்டிய ஒன்று, ஒரு தனி மனிதரின் நல்ல குணமாக மாறிவிடுகிறது.

நான் உளவியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்து இருபது வருஷத்துக்கு மேல் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். பள்ளங்கியில் வீட்டிலிருந்தபடி வேலை. மூடுபனியோடு மழை இறங்கினால் நெட் போகும், நெட் போனால் இந்த மாதிரிப் படிக்க நேரம் கிடைக்கும். ஆக, வெளியாள் ஒருவனின் விமர்சனமாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் படிவத்தைப் பார்ப்போம். பணிவாழ்வுத் திருப்தியை அளக்க உலகம் முழுக்க அதிகம் பயன்படுவது ஐந்தே ஐந்து வரிகள் கொண்ட ஓர் அளவுகோல். இதுவரை அடைந்த வெற்றி, ஒட்டுமொத்த இலக்கை நோக்கிய முன்னேற்றம், வருமான இலக்கு, பதவி இலக்கு, புதுத் திறன்களைக் கற்கும் இலக்கு, இந்த ஐந்திலும் உங்களுக்கு எவ்வளவு திருப்தி என்று கேட்கும். 1990-இல் ஜெஃப்ரி கிரீன்ஹவுஸ், சரோஜ் பரசுராமன், வேய்ன் வோர்ம்லி ஆகிய மூவரும் வெளியிட்ட கட்டுரையில் வந்தது. மேலதிகாரி ஆதரவை அளக்கும் ஒன்பது வரிகளும் அதே கட்டுரையில் உண்டு. பிறகு வந்த ஆய்வுகளில் ஏகப்பட்டவை இந்த வரிகளை அப்படியே எடுத்துக்கொள்கின்றன. நம் ஊர் எம்.பி.ஏ. புராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் அந்த மூலக் கட்டுரை எதைப் பற்றியது என்று எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்களோ தெரியவில்லை. அது நிறத்தைப் பற்றியது. அமெரிக்காவில் மூன்று நிறுவனங்களில் வேலை பார்த்த கறுப்பின மேலாளர்களையும் வெள்ளையின மேலாளர்களையும் ஒப்பிட்ட ஆய்வு அது. கறுப்பின மேலாளர்கள் தங்களை நிறுவனம் முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை என்று உணர்ந்தார்கள். வேலையில் சுயமாக முடிவெடுக்கும் இடம் குறைவு என்றார்கள். மேலதிகாரிகள் அவர்களுக்குக் குறைந்த மதிப்பீடு போட்டார்கள், பதவி உயர்வுக்குத் தகுதி குறைவு என்று எழுதினார்கள். பணிவாழ்வு ஒரு மட்டத்தோடு நின்றுபோனவர்கள் அவர்களில் அதிகம். திருப்தி குறைவாக இருந்தது இத்தனைக்கும் பிறகு. யார் எந்தப் படியோடு நிறுத்தப்படுகிறார்கள் என்று கேட்கப் பிறந்த அளவுகோல் அது.

அளவுகோல் கடல் கடந்து வந்தது, அந்தக் கேள்வி வரவில்லை. நான் படித்த இந்தியக் கட்டுரைகளில் வயது, பாலினம், திருமணம் ஆனவரா, எத்தனை வருஷ அனுபவம், மாதச் சம்பளம் என்று கட்டம் கட்டிக் கேட்கிறார்கள். சாதிக்குக் கட்டம் இல்லை. எந்த ஊர்க் கல்லூரி, எந்த மொழியில் படித்தவர், ஒப்பந்தமா நிரந்தரமா என்பதற்கும் பல சமயம் கட்டம் இல்லை. அமெரிக்காவில் நிறம் இருந்த இடத்தில் இங்கே என்னென்ன இருக்கும் என்று யோசிக்க ஆராய்ச்சிப் பட்டம் வேண்டுமா என்ன?

சரி, எனக்குப் பக்கத்தில் இருக்கிற ஓர் இடத்தை வைத்துப் பார்க்கிறேன். பள்ளங்கியிலிருந்து கோடைக்கானல் டவுனுக்கு ஏறி, ஏரியைத் தாண்டி இன்னும் மேலே போனால் சூரிய ஆய்வுக்கூடம் வரும். டூரிஸ்ட்டுகள் பலர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். 1904-லிருந்து சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிற இடம். அதற்கு ஒரு தாய்வீடு உண்டு: நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வுக்கூடம். அங்கே முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரிதான் இந்தக் கட்டுரைக்கு என் உதாரணம்.

பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1861-இல் நார்மன் போக்ஸன் அரசு வானியலாளராக வந்து சேர்ந்தார். விண்மீன்களின் பிரகாசத்தை இன்றும் நாம் அளக்கும் கணக்கு, ஒரு படிக்கு 2.512 மடங்கு என்பது, இந்தப் போக்ஸன் 1856-இல் முன்வைத்ததுதான். ரகுநாதாச்சாரிக்கு அமைந்த மேலதிகாரி இப்பேர்ப்பட்ட ஆள். அமைந்தவர் நல்லவராகவும் இருந்தார். 1867-இல் ரகுநாதாச்சாரி தெற்கு வானில் ரெட்டிகுலம் என்ற தொகுதியில் ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனைக் கண்டுபிடித்தார். அது அவர் பெயரிலேயே பதிவானது, போக்ஸன் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்துக்குப் போக்ஸன் மசூலிப்பட்டினம் போனார், நிஜாம் சமஸ்தானத்து வனபர்த்திக்கு ஒரு தனிக் குழுவை ரகுநாதாச்சாரி தலைமையில் அனுப்பினார். 1872-இல் லண்டன் ராயல் வானியல் சங்கம் ரகுநாதாச்சாரியை உறுப்பினராக ஏற்றது. 1874-இல் வெள்ளி சூரியனைக் கடக்கப்போவதைச் சாதாரண ஜனங்களுக்குப் புரியவைக்க ஒரு சிறு நூல் எழுதிப் பல மொழிகளில் வெளியிட்டார். நவீனக் கணக்கை வைத்துத் திருக்கணிதப் பஞ்சாங்கமும் போட்டார்.

பணியிட வழிகாட்டல் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் எடுத்துக்காட்டும் நூல் ஒன்று இருக்கிறது, 1985-இல் கேத்தி கிராம் எழுதியது. ஒரு மூத்தவர் இளையவரின் பணிவாழ்வுக்குச் செய்யக்கூடியதை அவர் ஐந்தாகப் பிரிக்கிறார்: பெரிய இடத்தில் பரிந்துரைப்பது, நாலு பேர் பார்வையில் படவைப்பது, சொல்லிக்கொடுப்பது, கஷ்டம் வரும்போது மறைத்துக் காப்பது, சவாலான வேலையை நம்பிக் கொடுப்பது. போக்ஸனிடம் இதில் முக்கால்வாசி கண்ணுக்குத் தெரிகிறது. கிரகணக் குழுவுக்குத் தலைமை கொடுப்பதை விடவா சவாலான வேலை? கிரகணம் ஒரு சில நிமிஷம். பிசகினால் திரும்ப எடுக்க முடியாது. எங்கள் பாஷையில் சொன்னால், நேரடியாகப் புரொடக்‌ஷனில் கைவைக்க விடுவது.

ஆனால் பதவியைப் பாருங்கள். 1860-களில் முதல் உதவியாளர். விண்மீனைக் கண்டுபிடித்த அன்றைக்கும் முதல் உதவியாளர். லண்டன் சங்கத்தில் உறுப்பினரான அன்றைக்கும் அதேதான். 1880 பிப்ரவரியில் இறந்தபோதும் முதல் உதவியாளர்.

அவரிடம் யாரும் இந்த ஐந்து வரிப் படிவத்தை நீட்டவில்லை. நீட்டியிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று கற்பனை செய்து பார்க்கிறேன். வெற்றி? ஐந்துக்கு ஐந்து போட நியாயம் இருக்கிறது. புதுத் திறன்? ஐந்து. மேலதிகாரி ஆதரவுக்கான ஒன்பது வரிகள்? தயங்காமல் மார்க் போட்டிருப்பார். பதவி இலக்கை நோக்கிய முன்னேற்றம் என்ற வரிக்கு வரும்போதுதான் சிக்கல். அந்த வரி "உங்கள் இலக்கு" என்று கேட்கிறது. அரசு வானியலாளர் என்ற நாற்காலி அவருடைய இலக்குப் பட்டியலில் இருந்திருக்க முடியுமா? அந்த நாற்காலி இந்தியருக்கு இல்லை என்பது அலுவலகத்துச் சுவர் மாதிரி எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. பட்டியலில் இல்லாததற்கு அதிருப்தியும் வராது. ஆக அந்த வரிக்கும் நாலோ ஐந்தோ விழும். கூட்டிப் பார்த்தால் மிகத் திருப்தியான ஊழியர்! நம் ஆய்வாளர் அதைக் கணினியில் ஏற்றி, மேலதிகாரி ஆதரவுக்கும் திருப்திக்கும் நேர்த் தொடர்பு இருக்கிறது என்று எழுதுவார். எழுதியது உண்மையாகவும் இருக்கும்.

ஜான் எல்ஸ்டர் என்ற சமூக அறிவியலாளர் 1983-இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். நூலின் பெயரே நரியும் திராட்சையும் கதையிலிருந்து எடுத்ததுதான். கிடைக்காது என்று தெரிந்ததும் மனசு ஆசையைத் தானாகச் சுருக்கிக்கொள்ளும் என்பது அவர் வாதத்தின் மையம். நம் ஊர்க் குழந்தைக்கும் "சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்" தெரியும். ஒரு வித்தியாசம், நரியாவது ரெண்டு தடவை எகிறிக் குதித்துப் பார்த்தது. ஆபீஸில் பல பேருக்குக் குதிக்கும் முன்பே புளிப்பு பழக்கப்பட்டுவிடுகிறது.

இதை வைத்து ரகுநாதாச்சாரியின் திருப்தி பொய் என்று நான் சொல்லவில்லை. அலுவலகத்துக்கு வெளியே அவருக்கு ஒரு பெரிய வாழ்க்கை இருந்தது. பஞ்சாங்கத் திருத்தம் அவருக்கு உத்தியோகத்தை விடப் பெரிய காரியமாக இருந்திருக்கலாம். திருப்தி உண்மையாக இருந்துகொண்டே ஓர் அநியாயத்தை மறைக்கவும் செய்யும், அவ்வளவுதான்.

அதே கூரையின் கீழே இன்னொருவர். போக்ஸனின் மகள் ஐசிஸ் போக்ஸன். 1873-இல் அப்பாவின் ஆய்வுக்கூடத்தில் கணக்காளராக வேலைக்குச் சேர்ந்தார். கணக்கு என்றால் வரவு செலவுக் கணக்கு இல்லை, வானியல் கணக்கு. மாதம் 150 ரூபாய். அது அன்றைக்கு ஒரு சமையல்காரருக்கோ வண்டிக்காரருக்கோ கொடுக்கும் சம்பளம் என்று எழுதியிருக்கிறார்கள். இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தார். 1886-இல் அப்பா அவரை ராயல் வானியல் சங்கத்துக்கு முன்மொழிந்தார். சங்கத்தின் 1831 சாசனத்தில் உறுப்பினரை "அவன்" என்று ஆண்பாலில்தான் எழுதியிருக்கிறது, ஆகவே பெண்ணைச் சேர்ப்பது சட்டப்படி செல்லாது என்று வக்கீல்கள் கருத்துச் சொன்னார்கள். விஷயம் அத்தோடு முடிந்தது. மேலதிகாரி ஆதரவு என்றால் இதற்கு மேல் என்ன வேண்டும்? மேலதிகாரி பெற்ற தகப்பன், துறையில் பெயர் எடுத்தவர், கையெழுத்துப் போட்டு முன்மொழிகிறார். ஒரு பிரதிப்பெயர்ச்சொல் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. சாசனம் மாறி, ஐசிஸ் 1920-இல்தான் உறுப்பினர் ஆனார். அப்பா இறந்து 29 வருஷம் ஆகியிருந்தது.

ரெண்டு பேருக்கும் ஆதரவு ஒரே மனிதரிடமிருந்து வந்தது. ஆதரவு எங்கே வேலை செய்தது, எங்கே முட்டி நின்றது என்பதைப் பாருங்கள். 1872-இல் சங்கத்துக் கதவு மதராஸ் பஞ்சாங்கக்காரருக்குத் திறந்தது, மதராஸ் ஆபீஸ் நாற்காலி திறக்கவில்லை. 1886-இல் வெள்ளைக்காரப் பெண்ணுக்குச் சங்கத்துக் கதவே திறக்கவில்லை. போக்ஸனின் மனசு ரெண்டு இடத்திலும் ஒன்றேதான். மாறியது விதி. ஒன்பது வரிப் படிவம் போக்ஸனின் மனசை அளக்கும். விதியை அளக்க அதில் வரி இல்லை.

இந்தக் கட்டுரைகள் பேசாத இன்னொரு ஆள் மேலதிகாரிதான். அவரை அவை ஊற்று மாதிரி நடத்துகின்றன: ஆதரவு அவரிடமிருந்து சுரக்கும், கீழே இருப்பவருக்குப் போய்ச் சேரும். அவருக்கு மேலே யார், அவருடைய பணிவாழ்வு என்ன நிலையில் இருந்தது என்று கேட்பதில்லை. போக்ஸனையே எடுத்துக்கொள்ளுங்கள். உதவியாளர்கள் போதவில்லை என்று எழுதி எழுதிப் பார்த்தார். இரவெல்லாம் பார்த்துக் குறித்த அவதானிப்புகள் அச்சேறாமல் வருஷக்கணக்கில் குவிந்தன. 1891-இல் அவர் இறக்கும்போதும் வேலை முடியவில்லை. அவருக்குப் பின் வந்த மிச்சி ஸ்மித்தான் மீதியை அச்சிட்டு முடித்தார். முப்பது வருஷம் ஒரே நாற்காலி. அதற்கு மேல் ஒரு படிக்குத் தன்னைத் தூக்கிக்கொள்ள முடியாதவர் இன்னொருவரை எவ்வளவு தூரம் தூக்குவார்? சொந்தப் பணிவாழ்வு நின்றுபோன மேலாளர் கொடுக்கக்கூடியது பாராட்டும் நல்ல வேலையும்தான். போக்ஸன் அதைத் தாராளமாகவே கொடுத்தார்.

இது எனக்குப் பழக்கமான கதை. முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் என் கீழே பதினோரு பேர். அதில் குறைந்தது மூன்று பேர் அடுத்த பதவிக்குத் தயார். அந்த வருஷம் எங்கள் குழுவுக்கு ஒதுக்கிய பதவி உயர்வு ஒன்றே ஒன்று. அதுவும் மேலே எங்கோ ஒரு எக்ஸெல் ஷீட்டில் முடிவானது. வாராவாரம் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசுவேன். ஆண்டுக் கடைசி சர்வேயில் மேலாளர் ஆதரவுக்கு எங்கள் குழு அள்ளி மார்க் போட்டது. அடுத்த ஆறு மாசத்தில் நாலு பேர் பேப்பர் போட்டுவிட்டுப் போனார்கள். போனவர்களில் ரெண்டு பேர் இன்றும் பண்டிகைக்குப் போன் பண்ணுகிறார்கள், என் மேல் அவர்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஹெச்.ஆர். இதற்குக் கண்டுபிடித்த மருந்து, எனக்கு ரெண்டு நாள் பயிற்சி. தலைப்பு: காது கொடுத்துக் கேட்பது எப்படி. ஏன் அந்த மருந்து என்றால், அது மலிவு. மேலாளருக்குப் பயிற்சி கொடுக்க ஒரு ஹாலும் மதியச் சாப்பாடும் போதும். மூன்று புதுப் பதவிகளை உருவாக்கினால் வருஷா வருஷம் செலவு.

நான் சொல்வதற்கு அதே துறைக்குள்ளேயே ஆதாரம் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 2005-இல் தாமஸ் இங், லில்லியன் ஈபி, கெல்லி சோரென்சன், டேனியல் ஃபெல்ட்மன் ஆகிய நால்வர், அதுவரை வந்த ஏராளமான ஆய்வுகளின் எண்களைத் திரட்டி ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். பணிவாழ்வு வெற்றியை அவர்கள் ரெண்டாகப் பிரித்தார்கள்: வெளியிலிருந்து எண்ணக்கூடிய சம்பளமும் பதவி உயர்வும் ஒரு பக்கம், உள்ளுக்குள் உணரும் திருப்தி இன்னொரு பக்கம். மேலதிகாரி ஆதரவு, பயிற்சி வாய்ப்பு போன்ற நிறுவனத் துணைகளும், ஒருவரின் இயல்பான சுபாவமும் திருப்தியோடுதான் பொதுவாக நெருக்கமாக ஒட்டின. படிப்பு, அனுபவம் போன்ற முதலும், பாலினம், இனம் போன்ற பிறப்புச் சங்கதிகளும் சம்பளம், பதவி பக்கம் நெருங்கின. எளிமையாகச் சொன்னால், மேலதிகாரி ஆதரவு மனசைத் தொடும் அளவுக்குச் சம்பளச் சீட்டைத் தொடுவதில்லை. இந்த ஒரு முடிவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மற்றக் கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தைப் படித்தால் அது வேறு மாதிரித் தெரியும். திருப்தியை உயர்த்த மேலாளரைப் பயிற்றுவியுங்கள் என்றால், பதவியையும் சம்பளத்தையும் தொடாமலே திருப்தியை உயர்த்தலாம் என்றும் அதைப் படிக்கலாம். எழுதினவர் அப்படி நினைத்திருக்க மாட்டார். வாங்குகிற நிர்வாகம் அப்படித்தான் படிக்கும்.

அளக்கும் முறையிலும் ஓர் ஓட்டை. மேலதிகாரிக்கு மார்க் போடுவதும் தன் திருப்திக்கு மார்க் போடுவதும் ஒரே ஆள், ஒரே காகிதத்தில், ஒரே பத்து நிமிஷத்தில். அன்றைக்கு வயிறு சரியில்லை என்றால் ரெண்டும் சேர்ந்து இறங்கும். லோடு டெஸ்ட்டை ஓட்டுகிற சர்வரிலேயே அளக்கிற கருவியையும் ஓட்டினால் வரும் எண்ணை எங்கள் துறையில் யாரும் நம்ப மாட்டோம். உளவியல்காரர்களுக்கும் இது நன்றாகத் தெரியும், பிலிப் போட்சகாஃப் குழு 2003-இல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறது. அதற்கப்புறமும் கட்டுரைகளின் முடிவில் "இந்த ஆய்வின் வரம்புகள்" என்று ரெண்டு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். போனவர்களை யாரும் கேட்பதில்லை என்பது இன்னொன்று. பேப்பர் போட்ட நாலு பேரின் படிவம் எந்தக் கணக்கிலும் இல்லை.

மறுபடி மலைக்கு வருவோம். 1899-இல் மதராஸ் ஆய்வுக்கூடத்தின் வானியல் பணி கோடைக்கானலுக்கு ஏறியது. தலைமைக்கு யார் வந்தார்கள் என்ற வரிசையைப் பாருங்கள். மிச்சி ஸ்மித், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். அடுத்து ஜான் எவர்ஷெட். இங்கிலாந்தில் ஒரு கம்பெனியில் வேதியியல் பகுப்பாய்வு வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் சூரியனைப் பார்த்த அமெச்சூர். வில்லியம் ஹக்கின்ஸ் பரிந்துரைத்தார், 1907-இல் உதவி இயக்குநராக வந்தார், 1911-இல் இயக்குநர். நடுவில் 1909 ஜனவரியில், சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். எவர்ஷெட் விளைவு என்று உலகம் முழுக்கப் பாடம் நடத்துகிறார்கள். தகுதி இல்லாமல் வந்தவர் இல்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன். அமெச்சூர் என்ற முறையில் எனக்கு அவர் மேல் தனிப் பிரியமே உண்டு. (கூடவே வந்த மேரி எவர்ஷெட், ஒரு பதவியும் இல்லாமல் சூரிய வெளிச்சுடர்கள் பற்றி ஆராய்ந்து எழுதினார். அது தனிக் கட்டுரைக்கு உரிய கதை.) அவருக்குப் பின் தாமஸ் ராய்ட்ஸ், மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டுடன் வேலை பார்த்தவர். அவரும் உதவி இயக்குநராக வந்து இயக்குநர் ஆனார். 1937-இல் முதல் இந்திய இயக்குநர் ஏ.எல். நாராயண், விஜயநகரம் மகாராஜா கல்லூரியில் இயற்பியல் ஆராய்ச்சி செய்தவர்.

இந்த வரிசையில் ஒருவர்கூட உதவியாளர் வேலையிலிருந்து ஏறி வந்தவர் இல்லை. உள்ளே படிக்கட்டே இல்லை என்றும் சொல்ல முடியாது. உதவி இயக்குநர், இயக்குநர் என்று படி இருந்தது, எவர்ஷெட் நாலே வருஷத்தில் ஏறினார். ஆனால் அந்தப் படிக்கட்டு முதல் மாடியிலிருந்து தொடங்கியது. தரைத்தளத்தில் இரவு பகலாகத் தட்டுகளை எடுத்து, கழுவி, அளந்துகொண்டிருந்த இந்திய உதவியாளர்களுக்கு அங்கே போய்ச் சேர வழி இல்லை. 1937-இல் மேலே உட்கார்ந்தவரின் நிறம் மாறியது. அவரும் வெளியிலிருந்து நேராக மாடிக்கு வந்தவர்தான். படிக்கட்டின் அடி அங்கேயே இருந்தது. நிறத்தை மட்டும் எண்ணுகிற ஆய்வு இதையும் தவறவிடும்.

தரைத்தளத்திலிருந்து ஏறுவதே அந்தக் காலத்தில் நடக்காத காரியம் என்றால் என் வாதம் வீம்பாகிவிடும். நடந்திருக்கிறது. ஹைதராபாதில் நிஜாமியா வானாய்வுக்கூடம் இருந்தது. அதன் இயக்குநர் போகாக் 1918-இல் இறந்தார். அவருக்குக் கீழே இருந்த டி.பி. பாஸ்கரன் பொறுப்பேற்று 1944 வரை நடத்தினார். கோடைக்கானலை விட ஏறக்குறைய இருபது வருஷம் முன்னாடி. நிஜாமியாவில் மேலதிகாரிகள் கூடுதல் கனிவானவர்கள் என்று வைத்து இதை விளக்க முடியாது. அது சமஸ்தானத்தின் நிறுவனம், அங்கே நாற்காலி யாருக்கு என்ற விதி வேறு.

அதே நிஜாமியாவில் உதவியாளராக இருந்தவர் ஒருவரின் மகன் மணலி கல்லட் வைணு பாப்பு. 1927-இல் பிறந்தவர், அப்பாவின் வேலையிடத்தில் தொலைநோக்கி பார்த்து வளர்ந்த பையன். ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் ஹார்வர்டுக்குப் போனார். போன வருஷமே, 1949-இல், ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரானார். 1960-இல், 32 வயதில், கோடைக்கானல் இயக்குநர். அவரை ஏற்றிவிட்டது ஒரு கனிவான பாஸ் மட்டும் இல்லை. விண்ணப்பித்தால் கிடைக்கிற ஒரு உதவித்தொகை, பணம் ஒதுக்கின அரசாங்கம், தகுதி இருந்தால் நாற்காலி கிடைக்கும் என்று 1947-க்குப் பிறகு மாறிய விதி, இவ்வளவும் வேண்டியிருந்தது. பணிவாழ்வு வளர்ச்சி என்ற சொல்லுக்கு நான் இதைத்தான் அர்த்தமாக எடுத்துக்கொள்வேன். இன்று கட்டுரைகளில் அந்தச் சொல் ஆன்லைன் கோர்ஸ் முடித்த சான்றிதழாகச் சுருங்கிக் கிடக்கிறது. கோர்ஸ் முடித்தவர் போய் உட்கார அடுத்த நாற்காலி இருக்கிறதா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

அப்படியென்றால் என்ன கேட்கலாம்? படிவத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கூடவே சில எண்களை ஊழியரிடம் கேட்காமல் நிறுவனத்தின் பதிவேட்டிலிருந்து எடுக்கலாம். இந்தப் பதவியில் இருந்தவர்களில் கடந்த பத்து வருஷத்தில் எத்தனை பேர் அடுத்த பதவிக்குப் போனார்கள்? போகாதவர்கள் யார் யார்? அடுத்த பதவியில் இருப்பவர்களில் உள்ளிருந்து ஏறியவர் எத்தனை, வெளியிலிருந்து வந்தவர் எத்தனை? ஒரு மேலாளர் வேலையை விட்டுப் போனால் அவர் கீழே இருந்தவர்களின் பதவி உயர்வு என்ன ஆகிறது? இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. ஆதரவு அந்த மனிதரோடேயே போய்விடுகிறதென்றால் அது நிறுவனம் கொடுத்தது இல்லை, அவர் சொந்தக் கையிலிருந்து கொடுத்தது. இதெல்லாம் ஹெச்.ஆர். கணினியில் ஏற்கெனவே இருக்கிற தகவல். ஒரு க்வெரி எழுதினால் சாயங்காலத்துக்குள் வந்துவிடும். வராததற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை.

கோடைக்கானலைப் பொறுத்தவரை இதைச் செய்ய ஹெச்.ஆர். தயவு தேவையில்லை. ஆய்வுக்கூடத்தின் பழைய ஆண்டறிக்கைகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் ஸ்கேன் செய்து தன் இணையக் களஞ்சியத்தில் வைத்திருக்கிறது. அவற்றில் பணியாளர் பற்றி ஒரு பகுதி வரும்: யார் சேர்ந்தார், யார் விடுப்பில் போனார், அந்த நேரத்தில் யார் பொறுப்பில் இருந்தார் என்று நாலைந்து வரி. அதை வருஷவாரியாக ஒரு அட்டவணையில் ஏற்ற ஆரம்பித்திருக்கிறேன், ஒரு வரிசைக்கு ஒரு ஆள், ஒரு கட்டத்துக்கு ஒரு வருஷம். இப்போதைக்கு மிச்சி ஸ்மித் காலத்தில் இருக்கிறேன். ராய்ட்ஸ் வரை முடித்ததும் அட்டவணையை இங்கேயே போடுகிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.